யாழினியின் ஆல்பம் திரும்பி வந்தது

1. வாழைப்பழம்

பாப்பாரப்பட்டியில் நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டூடியோ நடத்துகிறோம். கல்யாண வீடியோ அவர் பொறுப்பு. காதுகுத்து, பிறந்தநாள், சீமந்தம் எல்லாம் நான். டெலிவரி கொடுத்த ஆல்பம் மறுநாளே திரும்பி வந்தது ஒரே ஒரு முறைதான்.

கொண்டு வந்தவர் முருகேசன், பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் வேலை பார்க்கிறவர். கூடவே அவர் மனைவி கோகிலா, கோகிலாவின் இடுப்பில் மூன்று வயது மகள் யாழினி, கோகிலாவின் தம்பி சக்தி. குலதெய்வக் கோயிலில் சக்தி மடியில் உட்கார வைத்துத்தான் யாழினிக்குக் காது குத்தினார்கள்.

“என்னங்கக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு போட்டோலகூட புள்ள மூஞ்சி நேரா இல்லீங்களே,” என்றார் முருகேசன்.

சக்தி என்னிடம் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினான். “அக்கா, புள்ள கைல வாழப்பழம் இருக்குதே, இது யாரு குடுத்தது? நாங்க யாரும் குடுக்கலீங்களே.”

குடுத்தது நான்தான். நிகழ்ச்சி முழுக்க யாழினி கையில் போன் இருந்தது. ஆல்பத்தில் அசிங்கமாக இருக்குமே என்று முடிந்த இடங்களில் ஓரத்தை வெட்டி கிராப் செய்தேன். முடியாத இடங்களில் போட்டோஷாப்பில் அழித்தேன். அழித்த இடம் வெறுமையாகத் தெரிந்ததால் ஒரு படத்தில் வாழைப்பழம், ஒரு படத்தில் செவ்வந்திப் பூ வைத்தேன். குழந்தை அந்தப் பழத்தையே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிரிக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரிஜினல் படங்களை ஓட்டினேன். மொட்டை அடிக்கும்போது குனிந்த பார்வை. சந்தனம் பூசும்போதும் அதேதான். காது குத்தும் இடத்தில் சக்தியே ஒரு கையால் போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஊசி ஏறும்போது அவள் முகம் சுருங்குகிறது. அடுத்த படத்தில் மறுபடி போன்.

“கண்ணுல போகஸ் பிடிக்கிற கேமராங்க இது. அன்னிக்குப் பூரா போகஸ் கட்டம் உங்க மூஞ்சிலதான் நின்னுச்சு. புள்ள கண்ணு அதுக்கு அகப்படவே இல்ல,” என்றேன்.

சக்தி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவன். லீவு போட்டு வந்து தாய்மாமன் சீர் செய்தவன். அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குத்தறப்பகூட என்னப் பாக்கல பாருக்கா,” என்றான் கோகிலாவிடம்.

ஆண்கள் இருவரும் டீ குடிக்கப் போனதும் கோகிலா என் பக்கம் வந்தாள். “கூப்பிட்டா திரும்பறதில்லீங்கக்கா. காது கேக்கலையோன்னு தர்மபுரிக்குக் கூட்டினு போய்ப் பாத்தோம். காதெல்லாம் நல்லா கேக்குதாம். போன கொறைங்கன்னாரு டாக்டரு. நான் வூட்டுல மெஷின்ல தைக்கிறேன். அவரு விடியறதுக்குள்ள மண்டிக்குப் போயிடறாரு. போன் இல்லன்னா ஒரு ஜாக்கெட்டு முடியாதுக்கா.”

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கைக்குழந்தையோடு வேலை பார்த்தவள் நானும்.

“காத மறுபடி குத்த முடியாது. ஆனா மொட்டை இன்னும் மொட்டையாத்தான் இருக்குது. முடி முளைக்கறதுக்குள்ள ஒரு நாள் வரேன். புதுசா எடுத்துத் தரேன். போன் இருக்கக் கூடாது,” என்றேன். கோகிலா உடனே சரி என்றாள்.

2. எல்லா போனும் என் பையில்

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நிலக்கடலைக் கொல்லைக்குப் போனேன். யாழினிக்குப் பட்டுப்பாவாடை, சக்திக்குப் புது வேட்டி. முதல் வேலையாக எல்லார் போனையும் வாங்கி என் கேமரா பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். முருகேசன் இரண்டாவது போன் ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

யாழினி அழுதாள். மண்ணில் படுத்து உருண்டு அழுதாள். பாவாடை செம்மண் ஆனது. “போன், போன்” என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. கோகிலா என்னையே பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். பெரியவர்கள் நிலைமையும் சுமார்தான். சக்தியின் கை சட்டைப் பைக்குப் போய்ப் போய் வெறுமனே திரும்பியது.

“நான் ஒண்ணும் எடுக்கப் போறதில்ல. சும்மா உக்காருங்க,” என்று சொல்லி நானும் வரப்பில் உட்கார்ந்தேன்.

அழுது ஓய்ந்ததும் யாழினிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முருகேசன் போய் மோட்டாரைப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் நுரையோடு ஓடி வந்தது. அவள் மெதுவாகப் போய் ஒரு விரலை விட்டாள். பிறகு கையை விட்டாள்.

பிள்ளை வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று சக்தி எழுந்து ஓடினான். வழுக்கியது அவன்தான். புது வேட்டியோடு வாய்க்காலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

யாழினி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

சக்தி எழுந்திருக்கவில்லை. உதட்டைப் பிதுக்கி அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். அவள் அவன் வாயைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். ஒரு கை சேற்றை அள்ளி அவன் மீசையில் அப்பினாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தாள். நான் கேமராவைத் தூக்கினேன். கட்டம் சட்டென்று அவள் கண்ணில் போய் உட்கார்ந்தது.

“மாமா, மறுக்கா வுழு,” என்றாள்.

அவள் முழுசாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோகிலா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சக்தி மறுக்கா விழுந்தான். அதற்கப்புறம் எத்தனை தடவை விழுந்தான் என்று எனக்குக் கணக்கில்லை. கடைசியில் முருகேசனையும் பிடித்து இழுத்தார்கள். தக்காளிக் கூடையைத் தவிர வேறு எதையும் கட்டிப் பிடித்துப் பார்க்காத மனிதர் மகளைச் சேற்றோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கொல்லை முழுக்க ஓடினார்.

வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் என் பையில் இருந்த போன்களின் ஞாபகமே அவர்களுக்கு வந்தது.

3. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

யாழினி அதோடு போனையே மறந்துவிட்டாள் என்று சொன்னால் பொய். இன்னும் கேட்கிறாள், அழுகிறாள். ஆனால் கோகிலா மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத் துணிகளை ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறாள். பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, “இது யாரு ஜாக்கெட்டு?” என்று கேட்டு உயிரை வாங்குகிறாளாம். சாயங்காலம் அப்பா வந்ததும் ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் போனைத் தொடுவதில்லை. கூப்பிட்டால் திரும்புகிறாள். சில சமயம் வேண்டுமென்றே திரும்புவதில்லையாம். கோகிலா அதைப் பெருமையாகச் சொன்னாள்.

புதிதாகக் கேமரா எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தை லென்ஸைப் பார்க்க வேண்டும் என்று நாமெல்லாம் கையைத் தட்டுகிறோம், காக்கா மாதிரி கத்துகிறோம். அம்மாக்கள் கேமராவுக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிக் காட்டினால் வேலை சுலபமாக முடிகிறது என்று விட்டுவிடுகிறோம். நான் இப்போது அதை ஒத்துக்கொள்வதில்லை. குழந்தைக்குப் பிடித்த ஆளை எதிரே உட்கார வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றுகொள்கிறேன். அவள் என்னைப் பார்க்கவே வேண்டாம். அந்த ஆளைப் பார்த்தால் போதும், படம் தானாக வந்துவிடும்.