கரி போடாத குடுவை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குச் சிரிப்புதான் வரும். முத்தையாபுரம் பக்கம் தேங்காய்ச் சிரட்டைக் கரி செய்யும் ஆலையில் ஆய்வகம் பார்க்கிறவள் நான், அளந்து எழுதாத எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் நம்பப் போவதில்லை, பரவாயில்லை, கேளுங்கள்.

தண்ணீரிலிருந்து சாயத்தை இழுக்கிற கரி அது. சாயம் ஒட்டத் துளைகள் இருந்தால் மட்டும் போதாது, கரியின் மேற்பரப்பு எவ்வளவு அமிலத்தன்மையோடு இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்காகக் கரியைக் காரநீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டி, மிச்சக் காரத்தை அமிலம் விட்டு அளப்போம். ஒப்பிட்டுப் பார்க்கக் கரியே போடாத ஒரு குடுவையும் உண்டு, அதை பிளாங்க் என்போம்.

அன்று மத்தியானம் ஈரக்கரியைக் கொட்டி வைக்கிற பெரிய தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கரி தேவைப்பட்டது. எடுத்துத் தருகிறவர் தொம்மை அண்ணாச்சி, முன்பு கடலில் சங்கு குளித்தவர். மூடிய தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனை ஈரக்கரி தின்றுவிடும், காற்றைச் சோதிக்கிற ஆள் வரும்வரை இறங்க வேண்டாம் என்றேன்.

"ரெண்டு நிமிசம் மூச்சடக்கி சங்கு எடுத்தவன்கிட்டயா சொல்லுதிய? உள்ள காத்து இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"வெளையாடாதிய அண்ணாச்சி, அவரு வரட்டும்."

"சரி மேடம், சரி" என்று சிரித்துக்கொண்டே போனார். நானும் நம்பிவிட்டேன்.

காரம் இருந்தால் ரோஸ் நிறம் காட்டுகிற பினாப்தலீனைப் பிளாங்கில் இரண்டு சொட்டு விட்டேன், ரோஸ் ஆனது. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், நிறம் போனது, குழாயை மூடினேன். நிறம் திரும்ப வந்தது. போனது. மறுபடி வந்தது. நான் மேசையை விட்டு இரண்டடி தள்ளி நிற்கிறேன், கை படவே இல்லை, நம்பினால் நம்புங்கள், தூங்குகிற ஆளின் நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி அது வந்து வந்து போனது. அப்புறம் மெதுவானது. இன்னும் மெதுவானது.

பொய் சொல்ல மாட்டேன், யாரையும் காப்பாற்ற நான் ஓடவில்லை, ஒரு மனித முகத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் வெளியே ஓடினேன். தொட்டியின் மூடி திறந்திருந்தது, பக்கத்தில் அண்ணாச்சியின் செருப்பு. எட்டிப் பார்த்தால் உள்ளே கரிமேல் கவிழ்ந்து கிடக்கிறார்.

நான் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள். குதிக்கப் போன ஒருவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். காற்றுக்குழாயை உள்ளே விட்டு, முகமூடியும் சிலிண்டரும் மாட்டியவர் இறங்கிக் கயிறு கட்டித் தூக்கியபோது அண்ணாச்சிக்கு உயிர் இருந்தது. "அள்ளும்போது ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தேன் மேடம்" என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்.

ஆம்புலன்ஸ் போனதும் ஆய்வகத்துக்கு வந்தேன். குடுவையில் ரோஸ் இன்னும் வந்து போய்க்கொண்டிருந்தது, இப்போது வேகமாக. அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன், ஓடிவந்த எனக்கும் அதே வேகத்தில்தான் இரைத்துக்கொண்டிருந்தது.

மூச்சை அடக்கினேன். நிறம் பாதியில் நின்றது. நான் மூச்சு விடும்வரை அப்படியே இருந்தது.

இன்றும் பிளாங்கை நான்தான் அளக்கிறேன், வேறு ஆள் இல்லை. அளந்து முடிக்கும்வரை மூச்சை அடக்க மட்டும் பயமாக இருக்கிறது, நிறமும் கூடவே நின்றுவிடுமோ என்று.