ஜீவனின் போன் பாட்டு

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த பெரியாயிக்கு அந்தப் பாட்டு ஒருநாளும் பிடித்ததில்லை. அவள் குமரியாக இருந்தபோது ரேடியோவில் ஓடிய பழைய பொப் பாட்டு அது. துள்ளல்தான் உண்டு, அர்த்தம் கிடையாது. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், அன்று முழுக்கக் கொழுந்து பறிக்கிற கை அதன் தாளத்துக்குத்தான் போகும்.

அவள் மகன் ஜீவன் அதைத் தேடிப் பிடித்துப் போனில் வைத்திருந்தான். யாராவது கூப்பிட்டால், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கும். அந்தச் சனியனை மாற்றச் சொல்லித் திட்டுவாள். அவன் அவள் முன்னாலேயே இடுப்பை ஆட்டிக் காட்டுவான். அடுப்படியில் அவளே அதை முணுமுணுத்து அகப்பட்டுக்கொண்டால் அன்றைக்கு அவன் கேலிக்கு அவள் தப்ப முடியாது. புருசன் போனபிறகு அந்தக் காம்பராவில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

விடாத மழையில் லயத்துக்கு மேலிருந்த மலை சரிந்தது. சனமெல்லாம் முன்னமே பள்ளிக்கூடத்துக்கு இறங்கியிருந்தது. கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட ஜீவன் மட்டும் அந்நேரம் திரும்பிப் போயிருந்தான்.

மழை விட்டதும் ஆண்கள் மண்வெட்டியோடு ஏறினார்கள். பக்கத்துக் காம்பரா துஷாந்த், ஜீவனோடு படித்தவன், அவன் நம்பரை அழுத்திப் பார்த்தான். மண்ணுக்குள் எங்கேயோ, மூடிய பானைக்குள் பாடுவதுபோல, அந்தப் பாட்டு கேட்டது.

பெரியாயி அழுகையை நிறுத்திவிட்டு வேலையைக் கையில் எடுத்தாள். பதுளையிலும் பண்டாரவளையிலும் இருந்த சொந்தங்கள் விசாரிப்பதற்கென்று அவன் போனுக்கே அடித்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் தீர்ந்தால் வழி தெரியாது, ஒருத்தரும் கூப்பிடக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்ல வைத்தாள். அவள் கையை உயர்த்தினால் மண்வெட்டிகள் நிற்க வேண்டும். துஷாந்த் மட்டும் அடிப்பான். பாட்டு வந்த பக்கம் வெட்டினார்கள்.

மறுநாள் காலையில் பாட்டு தொடங்கி, பாதி வரியில் அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தாலும், போன் வேலை செய்யவில்லை என்று சொல்லும் பெண் குரல்தான்.

மேலே மலை இன்னும் வெடித்துக் கிடந்தது. வந்திருந்த அதிகாரி எல்லாரையும் இறங்கச் சொன்னார். அப்போதுதான் பெரியாயி, தனக்குக் கேட்கிறது என்றாள். பெற்றவள் சொல்லும்போது யார் மறுப்பது? அவள் கை நீட்டிய இடத்தில் வெட்டினார்கள். நெளிந்த கூரைத் தகரம் வந்தது. அவளுடைய சோற்றுப் பானை வந்தது. அவன் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றாள். அங்கேயும் வெட்டினார்கள்.

பின்னேரம் மண் மறுபடி இளகியது. துஷாந்த் இடுப்பு வரை புதைந்துபோனான். நாலு பேர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தெடுத்தார்கள். அத்தனை கூச்சலிலும் பெரியாயிக்குப் பாட்டு ஒரு துளி மங்கவில்லை. அறுந்த வரி வரைக்கும் வரும், நிற்கும், மறுபடி முதலில் இருந்து வரும். அவள் இரண்டு காதையும் அழுத்திப் பொத்திப் பார்த்தாள்.

துஷாந்த் சேற்றைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தான். "இப்ப எந்தப் பக்கம் பெரியம்மா?"

"எந்தப் பக்கமும் இல்ல. காதப் பொத்துனாலும் கேக்குது தம்பி."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. "இன்னும் கொஞ்சம் வெட்டிப் பாப்போமே."

"வேணாம். ஒங்கம்மாவுக்கு நீ ஒருத்தன்தான். ஏறி வா. எல்லாரையும் வரச் சொல்லு."

கடைசி ஆள் மேட்டுக்கு வரும்வரை அவள் அங்கேயே நின்றாள். அன்று பொழுது சாயுமுன் மிச்ச மலையும் இறங்கி, வெட்டிய குழியை மூடியது. ஜீவன் கிடைக்கவே இல்லை.

முழுப் பாட்டையும் ஒருதரம் கேட்டால் தலையிலிருந்து போய்விடும் என்று யாரோ சொல்ல, துஷாந்த் தன் போனில் அதை ஏற்றிப் பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுவந்தான். பெரியாயி கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. அறுந்த இடத்துக்கு வந்து நின்றது.