விட்ட மீனுக்கு ஒரு படி தவிடு

நான் வசிக்கும் ஊரில் மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த கை பட்டால் அதன் உடம்பின் வழவழப்பு உரிந்துபோகுமாம், பிறகு நோய் தொற்றுமாம். நியூசிலாந்தின் தென்தீவுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு நெவில் என்னை ஆற்றுக்கு அழைத்துப்போனபோதுதான் இதைப் பார்த்தேன். பாலம் கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பேச்சு குறைவு. முழங்கால் ஆழத்தில் நின்று வெகுநேரம் தூண்டில் வீசி ட்ரவுட் என்ற ஆற்று மீன் ஒன்றை இழுத்தார். தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளை எடுத்தார். ஓட்டத்தைப் பார்த்து அதன் முகம் இருக்கும்படி இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தார். பழுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய வளையம். மீன் செவுளைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பிறந்த குழந்தையை ஏந்தியிருப்பவர் போலத்தான் நின்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் கையை விரித்ததும் மீன் போய்விட்டது. "வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையா?" என்று கேட்டேன். "எதற்கு?" என்றார். அவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நான் நினைத்தேன்; நான் கேலி செய்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், தெரியும். கூடலூருக்குக் கிழக்கே எங்கள் கண்மாயில் கோடையில் தண்ணீர் வற்றும் வருடங்களில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். கரையில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே சேற்றுக்குள் பாயும். பஞ்சாரக் கூடை, கொசுவலை, பழைய சேலை, கைக்குக் கிடைத்ததெல்லாம் வலைதான். அன்றைக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு கட்டுப்பாடு, பிடித்ததை விற்கக் கூடாது. சாயங்காலம் தெரு முழுக்க மீன் குழம்பு மணக்கும். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டவன் என்று ஒருவனை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

இங்கேயும் ட்ரவுட்டை விற்கக் கூடாது. அதைக் கேட்டபோது எனக்கு இந்த நாடு சட்டென்று நெருக்கமாகிப் போனது. ஆனால் பிடிக்க லைசென்ஸ் வேண்டும், ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக. அந்தப் பணத்தில்தான் ஆற்றுக்குப் போகும் பாதையைப் பார்த்துக்கொள்கிறார்கள், தண்ணீரைச் சோதிக்கிறார்கள். ஒரு காலத்தில் கப்பலில் முட்டையாக வந்து இறங்கிய மீன் இது. வந்தேறி மீனுக்கு இத்தனை காவல். பால் பவுடர் தொழிற்சாலையில் எனக்கு வாரம் முழுக்க வேலை. சனிக்கிழமைகளில் சம்பளமில்லாத ரேஞ்சராகச் சேர்ந்தேன். சட்டையில் அட்டை குத்திக்கொண்டு கரையோரம் நடந்து லைசென்ஸைப் பார்ப்பதுதான் வேலை. இல்லாதவரின் தூண்டிலைப் பறிமுதல் செய்யலாம். இத்தனை அழகான ஆற்றுக்கு என்னையும் நம்பிக் காவல் வைத்தார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதில் நெவிலுக்கு ஒரு குறை. "கொன்று தின்கிறவனும் நானும் ஒரே கட்டணமா? நான் எதையும் எடுப்பதில்லை. பிறகு எதற்கு நான் கொடுக்க வேண்டும்?" ஊர் மண்டபத்தில் நடந்த கூட்டத்திலும் எழுந்து கேட்டார். அவருக்குச் சிலர் கை தட்டினார்கள், சிலர் தலையை ஆட்டினார்கள், முடிவு ஒன்றும் இல்லை. பருவம் முடிந்த அன்று ஆற்றங்கரையில் என்னிடம் சொன்னார்: "அடுத்த முறை நான் லைசென்ஸ் வாங்கப்போவதில்லை. நீதானே ரேஞ்சர், வந்து என் தூண்டிலைப் பிடுங்கிக்கொள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்கிற ஆள். அந்த ஆற்றைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவரைத் தவிர எனக்கும் அந்த ஊரில் நண்பர் என்று யாரும் இல்லை.

அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்குக் கிளம்பினேன். நெவிலும் கூட வருகிறேன் என்றார். அக்கா பேச்சியம்மாள் வீட்டில்தான் தங்கினோம். அவர்கள் தோட்டத்துத் திராட்சைக் கொடியில் நோய் விழுந்து பந்தலையே பிரித்துவிட்டார்கள். அக்காவும் மாமாவும் கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். இந்த வருடம் தண்ணீர் நிறையக் கிடந்தது, திருவிழாவுக்கு வாய்ப்பில்லை. புரட்டாசி விரதம் கழிந்து, அடைமழையில் மறுகால் பாய்ந்து மீன் வெளியேறுவதற்குள் வலை போட்டால்தான் காசு. நெவில் தண்ணீரைப் பார்த்த பார்வையிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "விருந்தாளி வந்துருக்காக, ஆசப்படுறாக, புடிச்சுட்டுப் போகட்டும்டா" என்றாள். நெவில் தூண்டில் முள்ளில் மைதா உருண்டையைக் கோத்து வீசினார். கரை முழுக்கக் கூட்டம். மதியத்துக்குள் கையில் அடங்காத ஒரு கட்லா மாட்டியது. நெவில் வேட்டியை நனைத்துக்கொண்டு இறங்கினார், கையை நனைத்தார், முள்ளை எடுத்தார், தாங்கிப் பிடித்தார். விட்டுவிட்டார்.

அக்கா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். "எந்தச் சாமிக்குடா நேந்து விட்டாக?"

"சாமிக்கெல்லாம் இல்லக்கா. அவுக ஊர்ல இப்படித்தான். வெளையாட்டு."

"வெளையாட்டுக்கா ஒரு உசுர முள்ளுல குத்தி இழுப்பாக? மூஞ்சியப் பாரு, அப்படிப்பட்ட ஆளாவா தெரியுறாக? நீ சும்மா இரு."

அதற்குமேல் நான் சொன்னது எடுபடவில்லை. நெவிலைப் பற்றி நல்லவிதமாக நினைக்க அவர்களுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. ஒரு பெண் ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து தண்ணீரில் தூவினாள். நெவிலின் நெற்றியில் கரைமேல் இருக்கும் கருப்பசாமியின் திருநீறு. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. உலகத்தில் எந்த ஊரிலும் தன் மீன்பிடிப்பை இப்படி மதித்ததில்லை என்றார்.

விடிந்ததும்தான் வில்லங்கம் தெரிந்தது. அக்கா முகம் வாடி வாசலில் உட்கார்ந்திருந்தாள். சாமிக்கு விட்ட மீன் கண்மாய்க்குள் கிடக்கிறது. நேர்ந்துவிட்ட கிடாயை எவனாவது கசாப்புக்கடைக்கு ஓட்டுவானா? எது அந்த மீன் என்று வலைக்குத் தெரியாது. இந்தக் கண்மாயில் இனி வலையை இறக்க மாட்டோம் என்று வலைக்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வருடத்துச் சோறு மொத்தமும் தண்ணீருக்குள் நின்றுபோயிற்று.

நெவிலிடம் எடுத்துச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "நான் எதையுமே எடுக்கவில்லையே!" என்றார். பழகிய வாக்கியம்தான். அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

"எடுக்கலையாமா? வலைக்காரக வலைய மடிச்சுப் பரண்ல தூக்கிப் போட்டுட்டாகள்ல, அது யாராலயாம்? கேட்டுச் சொல்லு."

கேட்டேன். நெவில் கண்மாயின் பக்கம் திரும்பினார். ஒரு மீனைத் தொட்டு விட்டதில் இத்தனை பெரிய தண்ணீர் அசைந்துவிட்டதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனாலும் எனக்கு அன்றைக்குப் பிரமிப்பாக இருந்தது.

கருப்பசாமி கோயில் பூசாரி மொக்கராசுதான் வழி சொன்னார். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைச் சாமிக்கென்று கொடுத்துவிட்டுத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். "அதே மாதிரி மீனையும் வாங்கிக்கிருவோம். விட்டவுக கையாலதான் குடுக்கணும்" என்றார். நெவில் ஒரு படி தவிட்டைச் சுமந்துகொண்டு கரையேறினார். கருப்பசாமியின் அரிவாளுக்கு முன்னால் கொட்டினார். "யாரு பேருக்கு வாங்குறாக?" என்று பூசாரி கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் நெவில் அக்காவைக் காட்டினார். கரையெல்லாம் குலவைச் சத்தம். அன்று சாயங்காலமே வலைகள் பரணிலிருந்து இறங்கின. திருவிழா முடிந்ததும் இருவரும் விமானம் ஏறினோம்.

அக்டோபரில் இங்கே பருவம் தொடங்கியது. முதல் சனிக்கிழமை நெவில் ஆற்றுக்கு வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. லைசென்ஸ் கேட்டால் உறவு முறியும், கேட்காவிட்டால் சட்டையில் குத்திய அட்டைக்கு அர்த்தமில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மதியம், ஆற்று வளைவில் அவரைப் பார்த்தேன். முழங்கால் ஆழத்தில் நின்று வீசிக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. தண்ணீரில் இறங்கி அவரை நோக்கி நடந்தேன். பக்கத்தில் போய் வாயைத் திறக்கும்போது கைபேசி அடித்தது. அக்கா. ஊரில் அப்போது காலை நேரம்.

"தம்பி, வலை போட்டாச்சுடா. நல்லா வந்துருக்கு, கருப்பன் கைவிடல. பெருசு ஒண்ணு வந்துச்சு. அந்தய்யா விட்டாகள்ல, அதுதான்."

"அதேதான்னு எப்படிக்கா தெரியும்?"

"தெரியும்டா. மாமா கூடையில தூக்கிப் போட்டாக. எனக்கு மனசு கேக்கல. எடுத்துட்டுப் போயி தண்ணியில வச்சுப் புடிச்சேன், அந்தய்யா புடிச்ச மாதிரியே. கையில உசுரு துடிக்குது தம்பி... யப்பா! விட்டுட்டேன்."

"தவிடு குடுத்து வாங்கியாச்சுல்லக்கா? அது உன் மீன்தான?"

"ஆமா, என் மீனு. அதான் விட்டேன்."

நெவில் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அக்கா சொன்னதை வரிசையாகச் சொன்னேன். கடைசிச் சொல்லை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு நிதானமாக நூலைச் சுற்றினார், முள்ளைக் கம்பின் வளையத்தில் மாட்டினார், தூண்டிலை என் கையில் கொடுத்தார். பறிமுதலுக்குத் தருகிறார் என்று நினைத்தேன்.

"பிடித்துக்கொள். லைசென்ஸ் கடையை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போனார்.

ஒரு கையில் அவருடைய தூண்டில். மறு கையில் கைபேசி. அக்கா வைக்க மறந்துவிட்டாள். அங்கே கண்மாய்க் கரையில் மீனை எடை போடுகிறார்கள், மாமா யாரையோ ஏசுகிறார், பெண்கள் சிரிக்கிறார்கள். இங்கே என் முழங்காலைச் சுற்றிப் பனி உருகிய தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டில் எந்தக் கையையும் தாழ்த்த மனம் வராமல், ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.