அடையாளம் தெரியாத பிரவுசரும் மூன்றாவது தோணியும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு வெப்சைற் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மேசை விசிறி ஒன்று வாங்கலாமென்று போனேன். "உங்கள் பிரவுசர் மிகவும் பழையது. புதியதை நிறுவிக்கொண்டு வரவும்" என்றது. வியர்த்துக்கொண்டு வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

பின்னால் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பிரவுசரை மட்டும்தான் சொல்லுதா... ஆளையும் சேர்த்துச் சொல்லுதா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு உரிமையும் இல்லை. இதே பாவத்தை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன் – அதுவும் ஒரு தோணி விஷயத்தில்.

யுத்தம் முடிந்த வருடம். வாகரைப் பக்கம் திரும்பிக் குடியேறிய மீனவர்களுக்குத் தோணியும் வலையும் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. முதல் பட்டியல் தயார். யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அறிவிக்க வேண்டும். பட்டியலை மட்டக்களப்பில் அலுவலகச் சுவரில் ஒட்டினால், பனிச்சங்கேணியில் இருப்பவர் ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துதான் பார்க்க வேண்டும்.

"இன்ரநெற்றில் போட்டால் என்ன?" என்று அங்கே கொம்பியூட்டர் வேலை பார்த்த நான் கேட்டேன். கேட்டவன் தலையிலேயே வேலையைக் கட்டினார்கள்.

சும்மா சொல்லக் கூடாது... பிரமாதமாகச் செய்தேன். பக்கத்தின் அடியில் அலை அசையும். அலையில் ஒரு தோணி ஆடும். ஊரின் பெயரைத் தொட்டால் பட்டியல் சுருள் விரிவதுபோல் விரியும். என் கொம்பியூட்டரில் பார்க்கக் கண் கோடி வேண்டும். அலுவலகத்துப் பழைய கொம்பியூட்டரில் திறந்தேன் – தோணி கவிழ்ந்து கிடந்தது.

சரி, ஆளுக்கு ஏற்றமாதிரிப் பக்கத்தைக் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு பிரவுசரும் ஒரு பக்கத்தைக் கேட்டு வரும்போது, 'நான் இன்னார், இன்ன வெர்ஷன்' என்று ஒரு வரியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். பக்கங்களை அனுப்பும் சேர்வரில் ஒரு ஸ்கிரிப்ட்டை உட்கார வைத்தேன். அது அந்த வரியைப் பிடித்து, கையில் இருக்கும் பெரிய பெயர்ப் பட்டியலில் தேடும். பக்கத்தை அசைய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இவருக்குத் தெரியுமா? இவருக்கு அலை காட்டலாமா? தெரிந்தவர் என்றால் உள்ளே விடும். பட்டியலில் இல்லாத ஆள் வந்தால்? 'உங்கள் பிரவுசர் ஏற்கப்படவில்லை' – திருப்பி அனுப்பு.

அந்தக் கடைசி வரியை எழுதும்போது என் விரல் ஒரு கணமும் தயங்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் போன் வந்தது. பனிச்சங்கேணி மீனவர் சங்கத்தின் செயலாளர் குணமலர் அக்கா. கட்டாரில் இருக்கும் அவரது அண்ணன் அனுப்பிய சின்னப் போனில் பட்டியலைப் பார்க்க முயன்றிருக்கிறார்.

"தம்பி, நீதானே அந்த லிஸ்ற் போட்ட ஆள்?"

"ஓம் அக்கா!" – அந்த 'ஓம்' கொஞ்சம் நீளமாகத்தான் வந்தது.

"நான் ஆரெண்டு அதுக்குத் தெரியாதாம். திரும்பிப் போகட்டாம்."

"அது உங்களை இல்லக்கா... உங்கட போனைத்தான்..."

"இருவது வருசமா செக்பொயின்ற்றில ஐசியைக் காட்டிக் காட்டி நிண்டனாங்க. அவனுகளாவது ஐசியைப் பார்த்திட்டு விட்டானுகள். நீ அதையும் பார்க்காம திருப்புறாய். சுனாமியில ஒரு தோணி போச்சு. இடம்பெயரக்குள்ள ஒண்டு போச்சு. மூண்டாவது உன்ர கொம்பியூட்டருக்குள்ள போகவா, மனே?"

நானும் அதே வரிசைகளில் நின்றவன்தான். வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவித் தடவி நின்றவன். அப்படிப்பட்டவனிடம் ஒரு வாசல் கட்டச் சொன்னால் என்ன கட்டுவான்? வேறு ஊர்க்காரனுக்கு வாசல் என்றதும் கோலம் ஞாபகம் வருமோ என்னவோ. எனக்கு மணல் மூட்டைதான் வந்திருக்கிறது.

வெள்ளி காலை ஆறு மணிக்கே கொம்பியூட்டரின் முன் உட்கார்ந்தேன். முதல் வேலையாக அந்தக் கடைசி வரியை அழித்தேன். யாரென்று தெரியவில்லையா? உள்ளே வா. உனக்கு அலை இல்லை, ஆட்டம் இல்லை, வெறும் பெயர்கள் மட்டும். பிறகு, 'பெயர் என்ன' என்பதோடு நிறுத்தாமல் 'என்ன சாப்பிடுவாய்' என்றும் கேட்க வைத்தேன் – எந்தெந்த வகைப் பக்கங்கள் தனக்குச் சரிவரும் என்றும் பிரவுசர்கள் சொல்லும். அதை நான் அதுவரை காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இன்னொரு சிக்கல். அந்தப் போனுக்குத் தமிழே தெரியாது. எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாகக் காட்டும். ஆகவே பெயர்களைச் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து அனுப்பும்படி சேர்வரிடம் சொன்னேன். முதலில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக ஓடியது. பழைய பாமினி எழுத்துருவைப் போட்டதும் அடங்கி நின்றது.

பத்தரை மணிக்கு அக்காவை அழைத்தேன்.

"இப்ப திறந்து பாருங்க."

போனை வைத்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நான் நகம் கடித்து முடித்துவிட்டு விரலுக்கு வந்திருந்தேன். மணி அடித்தது.

"வந்திட்டு தம்பி! சதாசிவம் இருக்கு... பாக்கியராசா இருக்கு... போன வருசம் செத்த கந்தப்போடியும் இருக்கு..." பெயர்களை மறுபடி ஒருமுறை முணுமுணுத்தார். "எங்கட வீட்டு மனிசன்ர பேர் இல்ல."

ஒரு பக்கம் சரியாக வேலை செய்து, அதற்காக நான் அழப் பார்த்தது அன்றுதான்.

"அக்கா... இப்ப என்ன செய்யிற?"

"என்ன செய்யிறயா? இல்லையெண்டு பன்னிரண்டு மணிக்கு முதல் தெரிஞ்சிட்டு, அது காணும். மறுகா கதைக்கிறன்."

நேரே அலுவலகத்துக்குப் போன் அடித்திருக்கிறார். பன்னிரண்டு மணி அடிக்க முன்னமே அவரது கணவர் பெயரும், விடுபட்டிருந்த இன்னும் இரண்டு பேரின் பெயர்களும் பட்டியலில் ஏறிவிட்டன. கந்தப்போடியரை மரியாதையோடு இறக்கிவிட்டார்கள்.

அதன்பிறகு பெரிய இடங்களுக்கெல்லாம் வெப்சைற் செய்திருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் யாராவது 'நீ எழுதியதில் எது நல்லது' என்று கேட்டால், நான் அழித்த அந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. போனில் தண்ணீர்ச் சத்தம்.

"தம்பி, நான் குணமலர். தோணிக்குள்ள இருந்துதான் கதைக்கிறன்."

"அக்கா! தோணி வந்திட்டா? எப்பிடி..."

"சத்தம் போடாத. மீன் ஓடிரும். வைக்கிறன்."

வைத்துவிட்டார். பொன்னாடை இல்லை, மாலை இல்லை, ஏற்புரைக்குக்கூட நேரம் தரவில்லை. இருந்தும் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஊரில் திரிந்தேன் – வயிறு அதை மறைத்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.