மாதிரிக்குக் காட்டிய திரை

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்ட அவரை எல்லோரும் பூட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவார். வீட்டில் மாத்திரை அட்டையைக்கூடப் பேர் தெரியாமல் கிழித்துத்தான் குப்பையில் போடுவார்.

தொலைவிலிருந்தே கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் மென்பொருள் ஒன்றை வாங்க மேனேஜர் துடித்துக்கொண்டிருந்தார். விற்க வந்தவன் சுவரில் ஒரு வீடியோவை ஓட்டினான்.

"நாங்க சரிபண்றது மொத்தமும் பதிவாகும் சார். எவ்வளவு தெளிவு பாருங்க."

வேறொரு ஆஸ்பத்திரியின் திரை அது. ஒரு பெண்ணின் பேர், வயது, போன் நம்பர், அதற்குக் கீழே மனநோய்க்கான மருந்துகள்.

"அட, எழுத்தெல்லாம் நல்லா தெரியுதே" என்றார் மேனேஜர்.

பூட்டுக்காரர் விற்க வந்தவனிடம் திரும்பினார். "அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

"சும்மா மாதிரிக்குத்தானே சார்."

போன வாரம் இதே மென்பொருளை லேப் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவர் பூட்டுக்காரர்தான். திரை அசையாமல் நின்றுபோக, இந்தக் கம்பெனிக்காரர்கள்தான் தங்கள் ஆபீசிலிருந்தே சரிசெய்தார்கள். அப்போது திரையில் இருந்தது அவர் மனைவியின் ரிசல்ட். பதற்றத்தில் அவரே திறந்து வைத்தது.

"எங்களோடதும் பதிவாயிருக்குமா?" என்று கேட்டார்.

"தானாவே பதிவாயிடும் சார். இருக்கிறதுலயே அதுதான் தெளிவு. நேத்துக்கூட இன்னொரு ஆஸ்பத்திரியில அதைத்தான் போட்டுக் காட்டினேன்."

மேசையில் போன் அதிர்ந்தது. மனைவிதான்.

"என்னங்க, ரிசல்ட் விஷயம் எங்கம்மாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம். நீங்க யார்கிட்டயும் வாய் திறக்கலையே?"

"இல்லம்மா" என்றார். "நான் யார்கிட்டயும் சொல்லலை."