எர்த்துக் குழி இல்லாத கேட்

தாம்பரத்தில் எந்த எலக்ட்ரிக்கல் கடையில் போய் துரைராஜ் என்று கேட்டாலும் கொஞ்சம் யோசிப்பார்கள். 'எர்த்து துரை' என்றால் உடனே சிரிப்பார்கள். வீட்டு வாசல், கல்யாண மண்டபம், துணிக்கடை போர்டு என்று வெளிப்பக்கம் போடுகிற விளக்கு எதுவானாலும் அவன் போட்டால் கண்ணைப் பறிக்கும். ஆனால் முதலில் மண்ணில் ஆழமாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, பைப்பை இறக்கி, கசிகிற கரண்டு மண்ணுக்குள் போக எர்த்து போட்டாக வேண்டும். அப்புறம்தான் விளக்கை டப்பாவிலிருந்தே வெளியே எடுப்பான். "ரெண்டு லைட்டுக்கு இன்னாத்துக்குய்யா கெணறு வெட்டற?" என்று கேட்டவர்களோடு மல்லுக்கு நின்று, வேலையே வேண்டாம் என்று திரும்பி வந்திருக்கிறான். கிறுக்கன் என்று பேரும் வாங்கியாயிற்று. பிறக்கும்போதே அவன் அப்படி இல்லை. ஒரு சாயங்காலத்தில் அப்படி ஆனவன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் பத்ரிநாராயணன் என்று ஒரு ரிட்டயர்டு ஆபீசர். அவர் மகள் ரமா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தெருவிளக்கு எரிந்தால் அதிசயம் என்கிற தெரு அது. மழை வந்தால் ஏரியிலிருந்து பாம்பு வேறு வந்துவிடும். மகள் நடமாடுகிற வாசல் இருட்டாக இருக்கக் கூடாது என்று துரைராஜைக் கூப்பிட்டார். இரும்பு கேட்டோடு சேர்த்து மேலே ஓர் இரும்பு வளைவு, அதில் வரிசையாக விளக்குகள். துரைராஜ் கடப்பாரையை எடுத்து வாசலோரம் ஒரு குத்துத்தான் குத்தினான். பத்ரிநாராயணன் ஓடியே வந்துவிட்டார்.

"நிறுத்துப்பா! கர்ப்பிணி இருக்கற ஆத்துல மண்ணைத் தோண்டப்படாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். எங்க வூட்லயும் அப்டித்தான். ஆனா உங்க பழைய எர்த்து துருப் புடிச்சி செத்துப்போச்சே."

"கொழந்தை பொறக்கட்டும், எவ்வளவு வேணும்னாலும் தோண்டிக்கோ. இப்ப வேண்டாம்."

இதற்கு மேல் பேச துரைராஜுக்கே மனசு வரவில்லை. அவன் மனைவி தனக்கோடி மாசமாக இருந்தபோது சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவிடாதவன் அவன். அதனால் அந்தப் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். எர்த்துக்குப் பதிலாக, கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரிலிருந்து ஒரு துண்டு இழுத்து இரும்பு வளைவில் முறுக்கிவிட்டான். நியூட்ரல் ஷாக் அடிக்காது. விளக்கில் கரண்டு கசிந்தால் அந்த வழியாகப் போய் ஃபியூஸ் எரிந்துவிடும். கம்பத்திலிருந்து வருகிற இரண்டு ஒயரையும் எவனாவது மாற்றிக் கட்டினால்தான் ஆபத்து. எவன் மாற்றிக் கட்டப்போகிறான், கொஞ்ச நாளைக்குத்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கார்த்திகை மாசத்துப் புயல் அந்தச் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டா வரும்? அடித்த அடியில் சிட்லபாக்கம் முழுக்க மரம் சாய்ந்து, கரண்டு போய்விட்டது. மறுநாள் சாயங்காலம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம், தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் துரைராஜ் நின்றுகொண்டிருந்தான். கம்பம் ஏறி லைன் வேலை பார்க்கிற குப்புராஜ் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தான்.

"மச்சான், உன் சிட்லபாக்கம் அய்யர் வூட்டு ஒயரும் அறுந்துட்ச்சி. நான்தான் கட்டிட்டு வரேன்."

துரைராஜ் டீயை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். "எது கரண்டு வர்ற பேஸு, எது நியூட்ரலுன்னு பாத்துக் கட்டுனியா?"

"லைன்ல கரண்டே இல்ல, இன்னாத்த பாக்கறது? எப்டிக் கட்னாலும் லைட்டு எரியும், வுடு."

"எரியும்டா, எரியும்! கரண்டு எப்ப வுடுறாங்க?"

"வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வுட்ருவாங்க. ஏன், உனக்கு இன்னா பேஜாரு?"

துரைராஜ் கிளாஸைக் கீழே வைத்தான். ஒயர் சரியாக விழுந்திருக்கலாம். மாறியும் விழுந்திருக்கலாம். மாறியிருந்தால் கரண்டு வந்த நிமிஷமே அந்த இரும்பு முழுக்க எமன் ஏறிவிடுவான். விளக்கு மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி அழகாக எரியும். சாயங்காலமானால் ரமா அந்த கேட்டைத் திறந்துகொண்டு காலாற நடக்கப் போவாள் என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்து பூத்துக்கு ஓடி பத்ரிநாராயணன் வீட்டுக்கு போன் போட்டுப் பார்த்தான். புயலில் அதுவும் செத்துக் கிடந்தது. டீக்குக் காசைக்கூடக் கொடுக்காமல் சைக்கிளில் ஏறினான். டீக்கடைக்காரன் பின்னால் கத்தினான்.

வழியெல்லாம் முழங்கால் தண்ணீர். எது ரோடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. ஒரு தடவை சைக்கிளோடு விழுந்து முட்டி பெயர்ந்தது. வீடு வீடாக மெழுகுவத்தி எரிகிறதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உயிர் வந்தது. "வராதே, வராதே, இன்னும் கொஞ்ச நேரம் வராதே" என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்தான். ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுப் பிழைக்கிறவன் கரண்டு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போன கூத்தை என்னவென்று சொல்வது! அவன் ஏரிப்பக்கம் திரும்பியபோது தெரு முழுக்கப் பளீரென்று ஆயிற்று. பிள்ளைகள் எல்லாம் "ஹேய்ய்" என்று கூவின. துரைராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி வீடு. அவன் போட்ட விளக்குகள் வளைவில் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. கேட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ரமா ஒரு கையில் குடையும் மறு கை இடுப்பிலுமாக, வாசலில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு கேட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"தொடாதீங்க! தொடாதீங்கம்மா!"

இளைத்த இளைப்பில் வேறு எதுவும் வரவில்லை. 'ஷாக்' என்கிற ஒரு சொல், நாளெல்லாம் அவன் வாயில் புழங்குகிற சொல், பாழாய்ப்போனது அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

ரமா சிரித்தாள். அதைத் தொடாதே, இதைத் தூக்காதே என்று மாசக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். "நீங்களுமாண்ணா? ஒரு கேட்டைத் திறந்தா ஒண்ணும் ஆயிடாது. நனையறேள், உள்ள வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்! "ஏய் கஸ்மாலம்! இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சே, வவுத்துலயே மிதிச்சிடுவேன்! போடி உள்ள!"

ரமா நீட்டின கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். முகம் செத்துப்போய், குடையைப் போட்டுவிட்டு, "அப்பா!" என்று அலறிக்கொண்டு பின்வாங்கினாள். அவள் வராந்தாப் படியில் ஏறுகிறவரை துரைராஜ் இன்னும் என்னென்னவோ வசவுகளைக் கத்தினான். பெண்பிள்ளையிடம் அதிர்ந்துகூடப் பேசாதவன், அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது.

பத்ரிநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். "குடிச்சிருக்கியாடா படவா! வாயும் வயிறுமா இருக்கறவளை என்ன சொன்னே?" கேட்டைத் திறந்து வந்து அவனை அறையப்போகிற வேகம். துரைராஜ் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை உருவி, கேட் கம்பியில் வைத்தான். டெஸ்டருக்குள் சின்ன பல்பு சிவப்பாக எரிந்தது.

பத்ரிநாராயணன் ஒரு முழத் தூரத்தில் அப்படியே நின்றார்.

"கேட்டு முழுக்கக் கரண்டு சார்" என்றான் துரைராஜ். இப்போது சொல் வந்தது. "மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க. செவுத்தோரமா போங்க சார், எதையும் தொடாம போங்க."

அவர் போனார். வீடு இருண்டது. துரைராஜ் திரும்பவும் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். எரியவில்லை. டார்ச்சோடு திரும்பி வந்த பத்ரிநாராயணன் கேட்டைத் திறக்கக் கையைக் கொண்டுவந்தார்.

"இருங்க சார்! நான் மொதல்ல." டெஸ்டர் எரியாதது போதவில்லை அவனுக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டு புறங்கையைக் கம்பியில் வைத்தான். ஜில்லென்று ஈர இரும்பு, வேறொன்றுமில்லை. கையை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். பயம் அப்போதுதான் முழுசாக வந்தது.

வராந்தா இருட்டிலிருந்து ரமா கேட்டாள். குரல் இன்னும் அழுதுகொண்டிருந்தது. "அண்ணா, நான் தொட்டிருந்தா?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் துரைராஜ் நினைத்தான். வாய் கேட்கவில்லை.

"ரெண்டு பேருமே போயிருப்பீங்கம்மா" என்றான்.