புதன்கிழமை வெள்ளை

எலாஸ்டிக் வைத்த அந்த டை வேர்வையில் நனைந்ததும் அரிக்கத் தொடங்கிவிடும். சொறிந்து சொறிந்து என் ஆறு வயதுக் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம் விழுந்திருக்கும். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குள் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் வேன் வரத் தொடங்கியிருந்தது. அதில் முதலில் ஏறியவர்கள் "காட்டுக்கார வீட்டு"ப் பிள்ளைகள். அந்த வீட்டுப் பருத்திக்காட்டில்தான் என் அம்மா சிறுமியாக இருந்தபோது களையெடுத்தாள். அந்தப் பிள்ளைகள் டையும் ஷூவுமாக வேனுக்கு நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து, தன் மகளும் அதே உடுப்பில் அவர்கள் பக்கத்தில் நிற்கவேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிய கூலியில் கட்டம்போட்ட சீருடையை வாங்கிவிட்டாள். சேர்த்த பிறகுதான், புதன்கிழமைக்குத் தலைமுதல் கால்வரை வெள்ளை வேண்டும், அதையும் பள்ளிக்கூடத்திலேயேதான் வாங்கவேண்டும் என்று தெரிந்தது. வெள்ளை இல்லாததால் புதன்கிழமைதோறும் என்னை வராந்தாவில் நிற்கவைத்தார்கள். ஒருநாள் ஃபீஸ் கட்ட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு "மருந்து செலுத்த"ப் போவதாகச் சொன்னாள். குழாய்க்குள் வெடிமருந்தை அடைக்கும் வேலை. கூலியும் கூடுதல், ஆபத்தும் கூடுதல்.

"வேணாம்ளா. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல உடுப்பு சும்மாவே குடுக்காக," என்றார் அப்பா.

"சும்மா குடுக்கிறத வாங்கி உடுத்துனது நம்மளோட போகட்டும்," என்றாள் அம்மா.

வெள்ளை வந்தது. நானும் வகுப்புக்குள் உட்கார்ந்தேன். தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த ஒரு புதன்கிழமை, நாங்கள் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. டீச்சர் ஒரு நொடி நிறுத்திவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். சாயங்காலம் வேன் நிற்கும் இடத்தில் அம்மாவுக்குப் பதிலாகச் சித்தப்பா நின்றிருந்தார். அப்படியே சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கைகள் இரண்டும் கட்டுக்குள் இருக்க, முகமெல்லாம் களிம்போடு கிடந்தவளைக் கட்டிக்கொள்ள ஓடினேன்.

"கிட்ட வராத தாயி," என்றாள். "வெள்ளையில மருந்து ஒட்டிக்கிரும்."

உயிர் தப்பியது. விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, மடக்க முடியாமல் போயின. பொங்கல் கழிந்து நான் அரசுப் பள்ளிக்கு மாறினேன். வெள்ளைச் சீருடையைப் பாதி விலைக்கு வாங்க வந்தவர்கள், எங்கேயாவது கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் இன்று இல்லை. சேர்க்கை குறைந்து மூடிவிட்டார்கள். கட்டடம் அட்டைப்பெட்டி குடோனாகிவிட்டது. கம்பெனி இருந்த இடத்தில் வேலிக்கருவை மண்டிக்கிடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தே நான் விருதுநகரில் ஒரு வேலைக்கு வந்துவிட்டேன். போன மாதம் அம்மாவோடு இருக்கன்குடி கோயிலுக்குப் போகும்போது, பஸ் அந்தக் குடோனைத் தாண்டுகையில் கேட்டேவிட்டேன்: "அந்த வெள்ளைக்காக நீ போகாம இருந்திருக்கலாம்லம்மா?"

அம்மா வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அதுல நீ அம்புட்டு அழகா இருந்த தாயி. காட்டுக்காரவுக பிள்ளைகளோட நிக்கையில யாரு பிள்ளைன்னே தெரியல."

அந்த உடுப்பில் என்னை எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.